முயற்சி நம் கையில், வேகம் யார் கையில்?

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47ஆம் சுலோகம் அளவுக்கு நம் வீடுகளில் அடிபட்ட சுலோகம் வேறில்லை. செயலில் உனக்கு உரிமை உண்டு, அதன் பலனில் இல்லை என்பது அதன் சாரம். தேர்வில் தோற்ற பிள்ளைக்கும் பதவி உயர்வு கைநழுவிய ஊழியருக்கும் அதைச் சொல்லித் தேற்றுகிறோம். கூலி உயர்வு கேட்டு வருபவரிடம் அதை எடுத்துவிடும் முதலாளிகளும் உண்டு. அது தனிக் கதை. ஆறுதல் வார்த்தையாகவே புழங்கிவிட்டதால் அதன்மேல் ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டது: பலனை நினைக்காமல் எவனாவது ஒரு காரியத்தில் இறங்குவானா? மனித சுபாவத்துக்கே ஒவ்வாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அதை ஆன்மிகம் என்று சொல்லலாமா? இந்தச் சந்தேகத்துக்கு என் பதில், அந்த சுலோகத்தை முதலில் அறிவுரையாகப் படிக்காமல் விவரிப்பாகப் படிக்க வேண்டும் என்பதுதான். செயல் என்பது எப்படி அமைந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அறிவுரை அதற்குப் பிறகு வருகிறது. இதற்குச் சாட்சியாக நான் கூப்பிடுவது ஒரு டிசி மோட்டாரை. அதற்கு மனம் கிடையாது, அதைத் தேற்ற வேண்டிய அவசியமும் யாருக்கும் கிடையாது. அதனாலேயே அதன் சாட்சியத்துக்கு எடை உண்டு.

டிசி மோட்டாரில் இரண்டு அளவுகளைக் கவனித்தால் போதும். ஒன்று முறுக்குவிசை, பட்டறைப் பேச்சில் டார்க். தண்டைத் திருகும் வலு. மற்றொன்று வேகம். காந்தப்புலம் மாறாமல் இருக்கும்வரை டார்க், ஆர்மேச்சர் எனப்படும் சுழலும் கம்பிச்சுருளில் ஓடும் கரண்டுக்கு நேர்விகிதமாக இருக்கும். ஆர்மேச்சர் சுழலும்போது அதற்குள்ளேயே ஒரு மின்னழுத்தம் பிறந்து, வெளியிலிருந்து ஊட்டும் மின்னழுத்தத்தை எதிர்த்து நிற்கும். வேகம் அந்த எதிரழுத்தத்துக்கு நேர்விகிதம். 220 வோல்ட்டில் ஓடும், ஆர்மேச்சர் மின்தடை 1 ஓம் உள்ள ஒரு மோட்டார் 10 ஆம்பியர் இழுத்துக்கொண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரழுத்தம் 210 வோல்ட். இப்போது சுமை இரட்டிக்கிறது. யாரும் எந்தக் குமிழையும் தொடவில்லை. மோட்டார் சற்றுத் தளர்கிறது. தளர்ந்ததால் எதிரழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அது இறங்கியதால் கரண்ட் 20 ஆம்பியருக்கு ஏறுகிறது. டார்க் இரட்டித்து, சுமையோடு சமனாகிறது. வேகம் ஏறக்குறைய 1,429இல் நிற்கிறது. அந்த 20 ஆம்பியரைக் கேட்டது சுமை.

இந்த வேகச் சரிவை ஈடுகட்டலாம். 1891இல் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி வார்டு லியோனார்டு, மோட்டாருக்கென்றே தனி ஜெனரேட்டர் வைத்து, அதன் காந்தப்புலத்தை மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். லிஃப்ட்டுகளும் சுரங்கத் தூக்கிகளும் பல்லாண்டுகள் அந்த முறையில்தான் ஓடின. இன்று அதே வேலையை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை அணைத்து ஏற்றும் எலக்ட்ரானிக் டிரைவ் செய்கிறது. நம் மோட்டாருக்கு 220க்குப் பதில் 230 வோல்ட் கொடுத்தால், இரட்டைச் சுமையிலும் 1,500 சுற்று கிடைத்துவிடும். ஆனால் கருவி எவ்வளவு மாறினாலும் ஒன்று மாறவில்லை. வேகத்தைப் பிடித்துவைத்தால் எவ்வளவு டார்க் என்பதைச் சுமை முடிவு செய்யும். டார்க்கைப் பிடித்துவைத்தால் எவ்வளவு வேகம் என்பதைச் சுமை முடிவு செய்யும். இரண்டையும் ஒருசேரக் கட்டளையிட வழியில்லை. காகித ஆலைக்குள் இந்த இரு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். காகிதத்தை ஊட்டும் உருளைகள், வேகத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பீடு மோடில் ஓடும். அதைச் சுற்றி எடுக்கும் கடைசி உருளையைப் பல ஆலைகளில், டார்க்கைப் பிடித்துவைக்கும் டார்க் மோடில் விடுவார்கள், காகிதம் அறாமலும் தொய்யாமலும் ஒரே இழுப்பில் வர வேண்டும் என்பதற்காக. சுற்று பருக்கப் பருக்க டிரைவ் டார்க்கைக் கூட்டிக்கொண்டே போகும்; வேகம் தன்பாட்டில் குறைந்துகொண்டே வரும். அந்த வேகம் எவ்வளவு என்று அங்கே யாரும் உத்தரவு போடுவதில்லை.

செயலில் உரிமை, பலனில் இல்லை என்பதை இந்தப் பின்னணியில் படித்துப் பாருங்கள். முயற்சியின் அளவை நான் நிர்ணயிக்கலாம். அப்போது விளைவை உலகம் நிர்ணயிக்கும். விளைவை நான் நிர்ணயிக்கலாம். அப்போது என் முயற்சியின் அளவை உலகம் பிடுங்கிக்கொள்ளும். ‘எவ்வளவு செலவானாலும் சரி, இது நடந்தே ஆக வேண்டும்’ என்பவன் அந்தச் செலவை முடிவு செய்யும் அதிகாரத்தை எதிராளியிடம் கொடுத்துவிட்டான். பண்டைய கிரேக்க, ரோம ஸ்டோயிக் சிந்தனையாளர்களும் இதே இடத்துக்கு வந்தார்கள். ரோமானிய எழுத்தாளர் சிசரோ எடுத்துச் சொல்லும் அவர்களுடைய வில்லாளி, குறிதவறாமல் எய்ய எல்லாம் செய்கிறான். அம்பு போய்த் தைப்பது அவன் வேலையில் சேராது.

உடனே ஒரு மறுப்பு வரும். ஸ்பீடு மோடு என்ற ஒன்று இருக்கிறதே. அதில் பலன்தானே பிடியில் இருக்கிறது? இருக்கிறது, கரண்ட் வரம்புக்குள் இருக்கும்வரை. கம்பிச்சுருள் தாங்கும் சூடும், அதற்குக் கரண்டை மாற்றித் தரும் கம்யூட்டேட்டரில் பொறி பறக்காத அளவும் பார்த்து ஒவ்வொரு டிரைவிலும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். சுமை அந்த வரம்பைத் தாண்டிய கணத்தில் ஸ்பீடு மோடு தானாகவே டார்க் மோடாகிவிடும்: மோட்டார் தன்னால் முடிந்ததைக் கொடுக்கும், வேகம் சுமை விட்ட வழி. பலன் கைவசம் இருந்தது கடன்வாங்கிய வசதி என்பது அப்போது தெரியும். இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்றுண்டு. சோதனைக்கூடத்தில் மோட்டாரின் தண்டோடு இன்னொரு இயந்திரத்தைப் பூட்டி, சுமையையும் நாமே நடத்தினால் வேகம், டார்க் இரண்டையும் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். உண்மை. ஆனால் அங்கே உலகம் என்று தனியாக ஒன்று இல்லை. உலகத்தின் நாற்காலியிலும் நாமே உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை வளர்ப்பையும் தேர்தலையும் அப்படி நடத்த முயன்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியும்.

அறிவுரை தொடங்கும் இடம் டிரைவுக்குள் இருக்கிறது. வேகக் கட்டுப்பாடு, வேண்டிய வேகத்துக்கும் இருக்கும் வேகத்துக்கும் உள்ள குறையைப் பார்த்து வேலை செய்கிறது. குறைக்கு விகிதமாக மட்டும் விசை கொடுத்தால், சுமை இருக்கும்வரை ஒரு சிறு குறை தங்கிவிடும். அதனால் குறையை நேரத்தோடு சேர்த்துச் சேர்த்துக் கூட்டிவைக்கும் ஒரு கணக்கும் உள்ளே ஓடும். அந்தக் கூட்டுத்தொகைதான் கடைசிக் குறையையும் துடைக்கிறது. சாதாரண நாளில் அது நல்ல வேலைக்காரன். கன்வேயரில் ஏதோ சிக்கி மோட்டார் திணறும்போதுதான் வினை. கரண்ட் ஏற்கெனவே வரம்பில் நிற்கிறது, கூடுதலாகக் கொடுக்க ஒன்றுமில்லை. அது தெரியாமல் கூட்டுத்தொகை மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. சிக்கல் விடுபட்டதும் மோட்டார் 1,500ஐ எட்டுகிறது, ஆனால் நிற்பதில்லை. சேர்ந்த பாக்கி முழு விசையைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லை மீறிப் பாய்கிறது, பாக்கி கரையும்வரை. கட்டுப்பாட்டுத் துறையில் இதற்கு வைண்டப் என்று பெயர். தீர்வு எளிது: வரம்பைத் தொட்டுவிட்டோம் என்ற செய்தியைக் கூட்டல் கணக்குக்குத் தெரிவித்து, அந்த நேரத்தில் கூட்டுவதை நிறுத்துவது. கவனிக்க வேண்டியது, 1,500 என்ற இலக்கை யாரும் அழிக்கவில்லை. குறையை உணர்வதையும் யாரும் தடுக்கவில்லை. கீதையின் அதே அத்தியாயத்தில் 62, 63ஆம் சுலோகங்கள், ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பதில் பற்று, பற்றில் ஆசை, ஆசையில் கோபம், கோபத்தில் மயக்கம், முடிவில் புத்தி நாசம் என்று ஒரு வரிசையைத் தருகின்றன. தன் வரம்பை அறியாமல் குறையைச் சேர்த்துவைக்கும் கணக்கு அது. விடச் சொல்லப்படுவது இலக்கை என்று வைத்துக்கொண்டால் மனித சுபாவத்துக்கு ஒவ்வாது என்ற புகார் நிற்கும். அந்தச் சேமிப்பை என்று வைத்துக்கொண்டால் நிற்காது.

பலனை உலகத்திடம் விட்டுவிட்டேன் என்று கண்மூடி முயற்சியை மட்டும் கொடுப்பவனின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. காகித ஆலையில் தாள் அறுந்துவிட்டால், டார்க் மோடில் இருக்கும் உருளைக்கு எதிர்ப்பே இல்லாமல் போய், வேகம் தறிகெட்டு ஏறும். அதனால்தான் டார்க் மோடிலும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைப்பார்கள். போர்க்களத்தில் பிறந்த உபதேசத்தை இரத்தத்துக்கு நியாயம் சொல்லப் பயன்படுத்தியவர்கள் அந்த உச்சவரம்பைக் கழற்றிவிட்டுத்தான் பயன்படுத்தினார்கள். 1930இல் வெளிவந்த தம் கீதை மொழிபெயர்ப்பான ‘அனாசக்தி யோகம்’ நூலின் முன்னுரையில் காந்தி, பலனைத் துறப்பது விளைவில் அக்கறையின்மை ஆகாது என்றும், எதிர்பார்க்கும் விளைவு, அதற்கான வழி, தன் திறன் மூன்றையும் அறிந்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். திறன் என்று அவர் சேர்த்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வரம்பை அறிவது அதில் அடக்கம்.

மனிதன் மோட்டாரா என்று கேட்டால், இல்லை. மோட்டாரைப் போல மனிதன் என்பது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை. தனக்கென்று ஒரு பதில் வைத்திருக்கும் உலகத்தோடு மோதும் எதற்கும் ஒரு சுதந்திரம் குறையும் என்பதுதான் தேவை. மனமில்லாத பொருளிலேயே அது உண்மை என்றால், மனத்தின் பலவீனத்துக்காகச் சொன்ன சமாதானம் என்று அதை ஒதுக்க முடியாது. வித்தியாசம் உண்மையிலேயே கடிக்கும் இடம் வேறு. மோட்டாரின் வரம்பை இன்னொருவர் கணக்கிட்டு வைக்கிறார். மனிதனின் வரம்பை யார் வைப்பது? முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீவ வில் நழுவுகிறது என்று தன் வரம்பைத்தான் அறிவிக்கிறான். கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை; தளர்ச்சி என்று ஒதுக்குகிறான். அது பொய் எச்சரிக்கை என்று எப்படித் தெரிந்தது என்பதற்கு என் மோட்டாரிடம் பதில் இல்லை. பதினெட்டாம் அத்தியாயத்தின் 63ஆம் சுலோகத்தில், அத்தனையும் சொல்லி முடித்த பிறகு கிருஷ்ணன், இதையெல்லாம் எண்ணிப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று அந்த முடிவை அர்ஜுனனிடமே திருப்பிக் கொடுக்கிறான்.