திருச்செந்தூர் முடிக்காணிக்கை

முத்துக்குளித்துறைக் கடலோரத்துத் திருச்செந்தூரில் முடியிறக்கும் அடியவர், கடலிலும் நாழிக்கிணற்றிலும் நீராடி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி முருகனைக் காணச் செல்கையில், காணிக்கையாவது மயிரா, அதைச் சார்ந்த அழகுச் செருக்கா என்னும் வினா எழுகிறது. மழித்தல், சடை வளர்த்தல் இரண்டையுமே வேண்டாதவையாகக் கருதும் 280ஆம் குறள், ‘கூடாவொழுக்கம்’, அதாவது துறவுக்கோலத்துக்குப் பொருந்தாத மறைவொழுக்கம், என்னும் அதிகாரத்தில் இடம்பெறுவதால், அது பழிப்பது வேடத்தையேயன்றிக் கத்தியையன்று எனக் கொள்வதே தகும். 1904இல் கில்லெட் காப்புரிமை பெற்ற சவரச் சாதனத்தோடு பரவிய இருவிளிம்பு பிளேடு, இன்று நெடுக்கில் இரண்டாக ஒடிக்கப்பட்டு நாவிதரின் கத்திப்பிடியில் பாதியாகச் செருகப்படுகிறது. வீட்டில் முகத்தைத் திருத்தும் அதே விளிம்பு இங்கே தோற்றத்தைக் களைகிறது. மீண்டும் வளர்வதைக் கொடுப்பது ஈகையாகுமா எனக் கேட்போர், பலரறியத் தோற்றம் குன்றி நடமாடும் வாரங்களைக் கணக்கில் கொள்வதில்லை.