உவர்நீரும் இன்கனியும்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், வரதராஜன்பேட்டை மாதா கோயிலில் பூசை கண்டு வெளியே வருகிற ஜனங்கள், சாலையோரத்து மரநிழலில் குவித்து வைத்திருக்கும் தர்பூசணியைக் கண்டு ஒரு கணம் தயங்குவதும், கடைக்காரர் கீறித் தருகிற சிவந்த துண்டை வாங்கி நின்றபடியே உண்பதும் நான் சிறுவயது முதல் கண்டு பழகிய காட்சி. என் பெரியம்மா மட்டும் துண்டைக் கையில் வாங்கியதும் உண்ணமாட்டார்கள். முந்தானை முடிச்சில் கொண்டுவந்த கல்லுப்பில் ஒரு கல்லை விரலால் நசுக்கித் தூவி, அது பழத்தின் ஈரத்தில் கரைந்து மறைகிற வரையில் பொறுத்திருந்து, பிறகே வாயில் வைப்பார்கள். "உப்புப் பட்டாத்தாண்டா இனிப்புத் தெரியும்" என்பது அவர்கள் வாக்கு.

இந்த வாக்கையே பெரிதாக்கி, வேறொரு ரூபத்தில், பிரசங்க மேடைகளிலும் உபந்யாசங்களிலும் பின்னாளில் பலமுறை கேட்டிருக்கிறேன். இஸ்ரவேல் தேசத்து நெகேவ் பாலைவனத்தில், பூமியின் ஆழத்திலிருந்து இறைத்த உவர்நீரைப் பாய்ச்சி விளைவிக்கும் முலாம்பழம், நல்ல நீரில் விளைந்ததைக் காட்டிலும் தித்திப்பாயிருக்கிறது. ஆகவே கண்ணீரின் உப்பில் வளர்கிற ஆத்துமாவும் அப்படியே மாதுர்யம் பெறும் என்பது பிரசங்கிகள் கூறும் உவமை. கேட்பதற்கு இதமான உவமைதான். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சொல்வதற்கு முன், அந்த வயலை ஒருமுறை குனிந்து பார்த்துவிட வேண்டாமா என்பதே என் கேள்வி.

எய்லாத் துறைமுகத்தருகே உவர்நீரால் தோட்டம் வளர்த்துக் காட்டிய ஹூகோ போய்கோ, எலிசபெத் போய்கோ தம்பதிகளின் காலந்தொட்டு இதுபற்றிய ஆராய்ச்சி நடந்து வருகிறது. உப்பும் வறட்சியும் குறித்து ஹூகோ போய்கோ தொகுத்த நூல் 1966-இல் வெளிவந்தது. நம் தேசத்திலும் கர்னாலில் 1969-இல் இதற்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. நமக்கு அருகே, திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியிலும் உவர் நிலம், களர் நிலம் பற்றிய ஆராய்ச்சி நடக்கிறது. இவர்களின் உழைப்பால் நாம் அறிவது இது: வேரைச் சூழ்ந்த நீரில் உப்பு மிகுந்தால், அந்த நீரை உள்ளே இழுப்பது செடிக்குப் பெரும் பிரயாசையாகிறது, அந்தப் பிரயாசைக்கு ஈடாகத் தன் உயிரணுக்களுக்குள்ளே சர்க்கரை முதலியவற்றைச் சேர்த்துக்கொள்கிறது, கனிக்குள் போகும் நீரோ குறைகிறது. நீர் குறையவே இனிப்புச் செறிகிறது. உப்பு சர்க்கரையாக மாறிவிடவில்லை. உப்பு என்றும் உப்பே. கனி சிறுத்ததே அந்தத் தித்திப்பின் விலை. கொடியில் காய்க்கும் பழத்தின் மொத்த எடையும் குறைந்துபோகிறது. விளைச்சலில் எவ்வளவு போயிற்று என்பதைத் தராசில் நிறுத்துப் பார்க்கிற குடியானவன் அறிவான். உவமை சொல்கிறவர் அதை விட்டுவிடுகிறார்.

அவன் அறிந்தது இன்னும் உண்டு. விதை முளைக்கும் பருவத்திலும், இரண்டு இலை விட்டு நிற்கும் இளம்பருவத்திலும் உவர்நீர் பட்டால் பயிர் கருகும். ஆகையால் அந்நாட்களில் எங்கிருந்தாவது நல்ல தண்ணீர் கொணர்ந்து விட்டு, கொடி வலுத்துப் படர்ந்த பின்னரே உவர்நீருக்குப் பழக்குகிறார்கள். லிட்டருக்கு இரண்டரை கிராம் உப்புள்ள நீர் என்றால் நாவுக்குச் சற்றே கரிக்கும், அவ்வளவுதான். ஆயினும் ஒரு லட்சம் லிட்டர் பாய்ச்சினால் 250 கிலோ உப்பு அந்நிலத்தில் இறங்கிவிடுகிறது. செடி நீரைக் குடித்துவிட்டு உப்பின் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். சொட்டுநீர்க் குழாயின் அடியில் வட்டமாக ஈரம் பரவ, அந்த வட்டத்தின் விளிம்பில் வெள்ளை பூத்து நிற்பது அதுதான். மழையால் அல்லது நல்ல நீரால் கழுவி அதைக் கீழே இறக்காவிட்டால், அடுத்தடுத்த போகங்களில் அந்நிலம் பாழ். விசேஷம் என்னவென்றால், சிறுதூறலும் அங்கே ஆபத்து. விளிம்பில் ஒதுங்கிய உப்பை அத்தூறல் மறுபடியும் வேருக்கே கரைத்துக் கொண்டு வந்துவிடும். ஆகவே தூறல் விழும்போது பாசனத்தை நிறுத்தாமல் திறந்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வயலில் நிற்கிறார்கள். அரைகுறை ஆறுதல் செய்கிற வேலையை நான் அந்தத் தூறலில் கண்டதைக் காட்டிலும் தெளிவாக வேறெங்கும் கண்டதில்லை.

வேதாகமத்தில் மாரா என்ற இடம் வருகிறது. எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் மூன்று நாள் நீரின்றி நடந்து அங்கே சேர்ந்தபோது, கிடைத்த தண்ணீர் கசந்தது. அதைக் குடித்துப் பக்குவமடையுங்கள் என்று கர்த்தர் சொல்லவில்லை. மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார், அதைப் போட்டதும் தண்ணீர் மதுரமாயிற்று. எரிக்கோ ஊரின் ஊற்று கெட்டு நிலம் பாழ்பட்டபோது எலிசா தீர்க்கதரிசி அதில் போட்டதோ உப்பையே. உப்பு சத்துருவல்ல என்பதற்கு அது சாட்சி. ஆனால் அவர் எடுத்தது ஒரு புதுக்கலயத்து உப்பு, பெரியம்மா எடுத்தது ஒரு கல். அளவைக் கிருபையினின்றும் பிரித்துப் பேசுகிற தத்துவம் எனக்கு விளங்குவதில்லை.

மிருத்யுஞ்ஜய மந்திரத்தில் பக்தன் வேண்டுவதும் முலாம்பழக் குடும்பத்துக் கனி ஒன்றைச் சொல்லியே: வெள்ளரிப்பழம் காம்பினின்று கழல்வதுபோல் மரணத்தினின்று விடுபட வேண்டும் என்கிறான். நன்றாகப் பழுத்த கிர்ணிப்பழத்தைக் கொடியிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. காம்படியில் வட்டமாக ஒரு மெல்லிய வெடிப்பு ஓட, கை வைத்த மாத்திரத்தில் கழன்று வந்துவிடும். உப்பில் வெந்த பிஞ்சும் கழன்றுதான் விழுகிறது. ஆனால் அதன் காம்பு கறுத்துச் சுருங்கியிருக்கும். இரண்டும் ஒன்றே, எல்லாம் ஈசுவர சங்கல்பம் என்று முடித்துவிடுவது சுலபம். அந்தப் பிஞ்சைக் கையில் எடுத்தவருக்கு அது முடிவதில்லை.

பெரியம்மாவின் மூத்த மகன் இருபத்தாறு வயதில் காய்ச்சலில் போனான். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் கர்மம் என்றார்கள், சிலர் தேவபரீட்சை என்றார்கள், இதனால் உன் விசுவாசம் பொன்போல் ஒளிரும் என்றும் ஒருவர் சொன்னார். அவர்களில் எவரையும் நான் குறை கூறவில்லை, அன்பினாலேயே சொன்னார்கள். பெரியம்மா ஒன்றுக்கும் மறுமொழி கூறவில்லை, இரண்டு மாதம் சரிவரச் சாப்பிடவும் இல்லை.

அடுத்த வீட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அம்மாள் இருந்தார்கள். கொட்டைப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்த கைகள். அவர்கள் துக்கம் கேட்டதாகவே எனக்கு நினைவில்லை. தினந்தோறும் விடியலில் தம் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து முடித்ததும் ஒரு குடம் கூடுதலாகப் பிடித்துக் கொணர்ந்து பெரியம்மா வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "அக்கா, தண்ணி வச்சிருக்கேன்" என்று மட்டும் குரல் கொடுத்துப் போய்விடுவார்கள். சில நாள் குடத்தோடு ஒரு தூக்கில் கஞ்சியும் இருக்கும். அந்த வருஷத்து அடைமழை ஆரம்பித்த பிறகும், முற்றத்து அண்டாவில் மழைநீர் நிறைந்து வழிந்தபோதும், அவர்கள் நனைந்துகொண்டே அந்தக் குடத்தைக் கொண்டுவந்து வைத்ததை ஜன்னல் வழியே நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சித்திரையில், பூசை முடிந்து வந்த ஒரு ஞாயிறன்று, பெரியம்மா தர்பூசணித் துண்டு இரண்டு வாங்கினார்கள். முந்தானை முடிச்சை அவிழ்க்கவில்லை. ஒன்றை அந்த அம்மாளிடம் நீட்டிவிட்டு, மற்றதை அப்படியே, உப்பில்லாமல், மெள்ள உண்டார்கள்.