மாசியில் ஒரு மலைநாடு

எங்கள் கோடியக்கரையில் மிக உயரமான இடம் ராமர் பாதம். காட்டை ஒட்டி ஒரு மணல்மேடு, அதன்மேல் சின்ன மண்டபம். கடல் மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் இருந்தால் அதிகம். இலங்கை தெரிகிறதா என்று ராமர் அங்கே நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். அந்த மேட்டில் ஏறி இறங்குவதையே மலையேற்றம் என்று வைத்திருக்கும் ஒருவன், விமான நிலையமே 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற பூட்டானுக்கு ஒரு வாரப் பயணம் போட உட்கார்ந்தால், முதலில் கைவிட வேண்டியது கிலோமீட்டர் கணக்கை.

பூட்டான் சின்ன நாடுதான். பரப்பளவு 38,394 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மக்கள் 8 லட்சத்துக்கும் குறைவு. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சென்னையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு பட்டியல் போட்டு அனுப்பினான். திம்பு, புனாக்கா, போப்ஜிக்கா, பும்தாங், ஹா, பாரோ, நடுவில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் செலேலா கணவாய். "சின்ன ஊருதான் மாமா, ஏழு நாள்ல மொத்தத்தையும் முடிச்சிடலாம்" என்றான்.

அந்தப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு சாலை நேரம் பார்த்தேன். எல்லை ஊரான புந்த்ஷோலிங்கிலிருந்து தலைநகர் திம்பு 150 கிலோமீட்டர் சொச்சம். எங்கள் பக்கம் அது வேதாரண்யத்திலிருந்து திருச்சி போகும் தூரம். நடுவில் டீ குடித்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அங்கே ஐந்து ஆறு மணி நேரம். திம்புவிலிருந்து புனாக்கா 75 கிலோமீட்டர்தான், ஆனால் 3,100 மீட்டரில் இருக்கும் தோச்சுலா கணவாயில் ஏறி, மறுபடி 1,200 மீட்டருக்கு இறங்க வேண்டும். காலையில் கம்பளி, மத்தியானம் சட்டை. பும்தாங் போய்வர மட்டும் இரண்டு பகல் வண்டியிலேயே கழியும். மலைநாட்டில் நாட்டின் அளவைத் தட்டையாக விரித்துப் பார்க்க முடியாது. மடிப்பு மடிப்பாகக் கிடப்பதை ஒவ்வொன்றாக ஏறி இறங்கித்தான் கடக்க வேண்டும். ஆகவே பும்தாங் போயிற்று. ஹா போயிற்று. செலேலாவும் போயிற்று.

பையனுக்கு வருத்தம். எனக்கு இல்லை. காரணம், சுற்றுலா வருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரன் நான். வேளாங்கண்ணி, நாகூர், வேதாரண்யம் எல்லாம் பார்த்துவிட்டு, பட்டியலில் கடைசி ஊராகக் கோடியக்கரைக்கு ஒரு வேன் வரும். பெரும்பாலும் உச்சிவேளையில், அதுவும் சித்திரையில். இறங்கியதும் "பூநாரை எங்கே இருக்கு?" என்பார்கள். ஐப்பசிக்குப் பிறகு வாங்க, விடியுமுன் வாங்க, சதுப்புப் பக்கம் நின்று பாருங்கள் என்று சொன்னால், ஏதோ நாம் ஒளித்துவைத்துவிட்ட மாதிரி முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். வெளிமான் கூட்டம் கண்ணில் பட்டால் ஒரு படம். படாவிட்டால் கலங்கரை விளக்கம், குழகர் கோயில், ஒரு டீ. "இங்க ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே வேன் ஏறுவார்கள். 1967-ல் சரணாலயம் ஆன இடம். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டிய கரை. ஒன்றுமே இல்லை என்றால் எப்படி? வந்த நேரம் அப்படி, அவ்வளவுதான். சேற்றில் மூக்கை விட்டுத் துழாவும் உள்ளானுக்கு நம்முடைய வேன் நேரம் தெரியாது.

இதைச் சொல்லிச் சலித்துக்கொள்கிற நான், இன்னொருவர் ஊருக்கு எப்படிப் போவது? இந்தப் பயணத் திட்டத்தில் உண்மையில் நான் விடை தேடியது இந்த ஒரு கேள்விக்குத்தான். வழக்கமாக நம் வசதியை முதலில் எழுதுகிறோம்: எப்போது லீவு, எப்போது டிக்கெட் மலிவு, எத்தனை இடம். அந்த ஊரின் வசதி என்ன, அது எப்போது தன்னைக் காட்டும் என்று கேட்பது கடைசியில்தான், கேட்டால்.

எனக்குப் பூட்டானில் பார்க்க வேண்டியது போப்ஜிக்கா. ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு அகன்ற பள்ளத்தாக்கு, நடுவில் சதுப்பு. திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் குளிர்காலத்துக்கு அங்கே இறங்குகின்றன. நம் வயல் கொக்கு இல்லை இது. நான்கடி உயரம் நிற்கும். அக்டோபர் கடைசியில் வரத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச்சில் திரும்பும். வரும்போதும் போகும்போதும் மேட்டிலிருக்கும் காங்தே மடாலயத்தை மூன்று முறை சுற்றுவதாக அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். பள்ளத்தாக்குக்கு மின்சாரம் கொண்டுவந்தபோது, கொக்கு மோதிச் சாகும் என்று கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தே கொண்டுவந்தார்கள். சதுப்புக்கரையில் பிறந்தவனுக்கு மலைநாட்டிலும் சதுப்புத்தான் இழுக்கிறது என்று என் மனைவி கேலி செய்தாள். இருக்கட்டும்.

அப்படியானால் எப்போது? புத்தகங்களும் போய்வந்தவர்களும் ஒரே குரலில் நவம்பர் என்கிறார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், தோச்சுலாவிலிருந்து பனிமலை வரிசை தெரியும், நவம்பர் 11 அன்று காங்தே மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா. எல்லாம் சரி. ஆனால் நவம்பர் என்றால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. கடைமடையில் சம்பாப் பயிர் நிற்கும் நேரம். வடிகாலைப் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தலைக்கு மேலேதான் கரையேறியது. தென்னையும் மாவும் வேரோடு கிடந்த அந்தக் காலையைப் பார்த்த எவரும், அந்த மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்ப மாட்டார்கள். போதாக்குறைக்கு எங்கள் சதுப்புக்குப் பறவை வருவதும் அப்போதுதான். வீட்டுக்கு விருந்தாளி வரும் மாதத்தில் நாம் விருந்துக்குப் போவதா?

ஆக, அவர்கள் ஊரின் காலத்தையும் எங்கள் ஊரின் காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்த இடுக்கு, மாசி முதல் வாரம். தையில் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணமும் கணக்கில் ஏறியிருக்கும். உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்கியிருப்பார்கள். போப்ஜிக்காவில் குளிர் கடுமையாக இருக்கும். தோச்சுலாவில் பனி விழுந்தால் வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் கொக்கு இன்னும் போயிருக்காது. திருவிழா கிடையாது, கூட்டமும் கிடையாது.

உப்பளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டான்காரர்கள் நெடுங்காலம் திபெத்துக்கு அரிசி கொடுத்து உப்பு வாங்கியவர்கள். கணவாய் கணவாயாகச் சுமந்து வந்த உப்பு. 1960 வாக்கில் அந்த எல்லை அடைபட்டதும் நாடு தெற்கே, இந்தியா பக்கம் திரும்பியது. அதற்குச் சாலை வேண்டும். 1958-ல் நேரு பூட்டானுக்குப் போனபோது வண்டிப்பாதை கிடையாது. அறுபத்தொன்பதை நெருங்கிய வயதில் சிக்கிம் வழியாக நாதுலா கடந்து, சும்பிப் பள்ளத்தாக்கில் நாள்கணக்கில் குதிரையேறித்தான் பாரோ சேர்ந்தார். 1961-ல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் தந்தக் திட்டம் தொடங்கி, புந்த்ஷோலிங்கிலிருந்து மேலே சாலை வெட்டினார்கள். இன்று நாம் ஐந்து மணி நேரமா என்று அலுத்துக்கொள்வது அந்தச் சாலையைத்தான்.

எங்கள் பக்கத்துக்கு வந்த பயணங்களில் பெரியதும் உப்புக்காகத்தான். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்தார். சோறு போடுகிறவர்களுக்குத் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் மிரட்டியும், சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போன ஊர்கள் உண்டு. அந்த நடையின் திட்டத்தில் எழுதியிருந்தவை பார்க்கும் இடங்கள் அல்ல, தங்கும் ஊர்கள். இன்றிரவு யார் திண்ணை, நாளை யார் சத்திரம் என்பதுதான் கணக்கு. நானும் அக்கா மகனின் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, பகல்களை விட்டு இரவுகளை எழுதினேன். திம்பு இரண்டு, புனாக்கா ஒன்றோ இரண்டோ, போப்ஜிக்கா இரண்டு, பாரோ மிச்சம். மொத்தம் ஏழு.

இந்த வரிசைக்கு உடம்பும் ஒரு காரணம். கடலோரத்து நுரையீரலைத் திடீரென்று மூவாயிரம் மீட்டருக்குத் தூக்கிப் போனால் அது கேள்வி கேட்கும். திம்புவில் இரண்டு இரவு பழகி, புனாக்காவில் கீழே இறங்கி, பிறகு மேலே. பாரோவில் செங்குத்துப் பாறையில் 3,120 மீட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்சாங் மடாலயத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்கினேன். 1692-ல் கட்டியது, 1998-ல் தீயில் எரிந்து, மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். பாதி வழி வரை குதிரை கிடைக்கும். முழங்கால் சம்மதித்தால் மேலே போகலாம், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்துத் தேநீர்க்கடையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதில் குறைவில்லை.

இரவைக் கணக்கிடுவதில் இன்னொரு வசதி: பூட்டான் அரசும் அப்படித்தான் கணக்கிடுகிறது. 2022 செப்டம்பரிலிருந்து இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். முன்பு நமக்கு இது கிடையாது. மற்ற வெளிநாட்டவருக்கு அப்போது 200 டாலர் வைத்து, அடுத்த ஆண்டு 100 ஆகக் குறைத்தார்கள். எங்கள் இருவருக்கும் ஏழு இரவுக்கு 16,800 ரூபாய். அறை வாடகையும் சாப்பாடும் தனி. "சும்மா உள்ள நுழையறதுக்கா?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. பணம் இருப்பவனுக்கு மட்டும் கதவு திறக்கும் ஏற்பாடு என்ற குறை எனக்கும் உண்டு. ஆனால் 2019-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோன, எட்டு லட்சம்கூட இல்லாத நாடு அது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் மறுநாள் எங்கள் கடற்கரை கிடக்கும் கிடப்பைப் பார்த்தவன், அந்த அரசை முழுக்கக் குறைசொல்ல முடியாது. ஒரு நாளுக்கு விலை இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு: அந்த நாளை வண்டியில் தூங்கிக் கழிக்க மனம் வராது.

மகிழ்ச்சி நாடு என்று சுவரொட்டி அடிப்பதை மட்டும் நான் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாரில்லை. நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970களில் சொன்ன மொத்த தேசிய மகிழ்ச்சி நல்ல எண்ணம்தான். நிலத்தில் 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியலமைப்பில் எழுதி, அதைக் காத்தும் வருகிறார்கள். ஆனால் அதே நாட்டின் தெற்கிலிருந்து 1990களின் தொடக்கத்தில் நேபாளி பேசும் மக்கள் ஒரு லட்சம் பேர் அளவில் வெளியேற நேர்ந்தது. கிழக்கு நேபாள முகாம்களில் பதினைந்து ஆண்டுக்கு மேல் கிடந்து, 2007-க்குப் பிறகுதான் அமெரிக்கா முதலிய நாடுகளில் அவர்களில் பெரும்பாலோருக்கு வீடு கிடைத்தது. இப்போது படித்த இளைஞர்கள் தாங்களாகவே ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புகிறார்கள். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்களைப் பார்த்த கரை எங்களுடையது. அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் போக மனமில்லை. தெரிந்த பிறகு போகாமலும் இருக்கப் போவதில்லை. யாருடைய ஊரும் அப்படிக் கழுவித் துடைத்த ஊர் அல்ல. வரும் விருந்தாளிக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் வீட்டுக்காரர்களுக்கும் நல்லது.

சில்லறை விஷயங்கள் தானாகவே தீர்ந்தன. கடவுச்சீட்டு வேண்டியதில்லை, வாக்காளர் அட்டை போதும். அவர்கள் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. ரயிலில் நியூ ஜல்பைகுரி வழியாக ஹாசிமாரா போய் இறங்கினால் எல்லை பக்கம்தான். அங்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு உண்டு என்று கேள்விப்பட்டு என் மனைவிக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. 2004-ல் புகையிலை விற்பனையையே தடை செய்து, கொரோனாக் காலத்தில்தான் தளர்த்திய நாடு அது என்றதும் மீதிக் கவலை திரும்பி வந்தது. வேதாரண்யப் புகையிலைக்குப் பழகிய வாய்.

போப்ஜிக்காவின் இரண்டாம் நாளில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, "ஆயிரத்து இருநூறு ரூபா குடுத்துட்டு ஒரு நாள் பூரா சதுப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்களா? அதுக்கு இங்கேயே உக்காரலாமே மாமா" என்றான். "இங்கயும் உக்காந்துதான்டா இருக்கேன்" என்றேன். அது வாதத்துக்குச் சொன்னதுதான். முதல் நாள் பனிமூட்டமாக இருந்தால் மறுநாள் வேண்டுமல்லவா? கொக்கு எழுந்து மேய்ச்சலுக்குப் போகும் விடியலும், கூடித் திரும்பும் அந்தியும் ஓர் ஊரில் இரண்டு முறையாவது கிடைக்க வேண்டும்.

கடைசியில் தகராறு புனாக்காவில்தான் நின்றது. இரண்டு இரவு அங்கே இருக்கலாம் என்று எனக்கு ஆசை. போச்சு, மோச்சு என்று இரண்டு ஆறு கூடும் இடத்தில் 1637-ல் எழுப்பத் தொடங்கிய கோட்டை. சுற்றிலும் படிப்படியாக நெல்வயல், சிவப்பரிசி விளையும் பூமி. காவிரிக்காரன் பார்க்க வேண்டியதுதானே? மனைவி தேதியைக் கேட்டாள். மாசி முதல் வாரம் என்றேன். "அப்ப நடவும் இருக்காது, கதிரும் இருக்காது. அரிதாளைப் பாக்கவாங்க அவ்வளவு தூரம்? நம்ம வாசல்லயே கெடக்கு" என்றாள். கோட்டைக்கு ஒரு பகல் போதும் என்றும் சொன்னாள். புனாக்காவுக்கு ஓர் இரவு, பாரோவுக்கு இரண்டு என்று எழுதி, பட்டியலை அவளிடமே கொடுத்துவிட்டேன்.