நகலுக்கு வெட்கம் எதற்கு?

உங்கள் வீட்டு ஹாலில் என்ன மாட்டியிருக்கிறீர்கள்?

சேலத்தில் நண்பரின் புது வீடு. சுவரில் தங்க நிறத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். ஃபிளாரன்ஸில் கிபெர்ட்டி 1452-ல் முடித்த ‘சொர்க்க வாசல்’ கதவிலிருந்து ஒரு காட்சி.

“ஃபைபர்தான் சார், டூப்ளிகேட்” என்று நெளிந்தார்.

எதற்கு வெட்கம்? ஃபிளாரன்ஸிலேயே அந்த வாசலில் இன்று நிற்பது நகல்தான். அசல் பத்திரமாக மியூசியத்தில். நகலை அசல் என்று சொன்னால்தான் தப்பு.

நான் கேட்டது வேறு. “நாமக்கல் மலைக் குடைவரையில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கிற சிற்பம் பார்த்திருக்கீங்களா? எட்டாம் நூற்றாண்டு அசல்!”

“கும்பிட்டுட்டு வந்துடுவேன். கவனிச்சதில்லை.”

இதுதாங்க விஷயம். நகலையே மாட்டுங்கள். ஆனால், தினமும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பார்க்கப் பழகாத கண்ணுக்கு அசலும் வெறும் கல்தான்.