வேலிக்கு அந்தப் பக்கம்

டெக்சாஸில் வீடு வாங்கியதும் முன்வாசலில் ஒரு முருங்கை வைக்க ஆசைப்பட்டேன். அதற்கு வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்: மனையின் வரைபடம், மரம் எவ்வளவு உயரம் வளரும், எங்கே நடப்போகிறேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அனுமதிக்கப்பட்ட பட்டியலில் முருங்கை இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "நம்ம காசு போட்டு வாங்குன மண்ணுல மரம் வைக்க யாருகிட்டடா கேக்கணும்?"

கேட்கத்தான் வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. மென்பொருள் நிறுவும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவதுபோல, படிக்காமல். முதல் வீடு எழும்புமுன்பே மனை பிரித்து விற்றவர்கள் பத்திரத்தில் பதிவுசெய்த கட்டுப்பாடுகள் அவை. மண்ணோடு ஒட்டிக்கொண்டவை, ஆள் மாறினாலும் போகாது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் எழுதிவைத்ததும் இதே மாதிரிப் பத்திரங்களில்தான். அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல், ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில். 2013-ல் டெக்சாஸ் சட்டமன்றம், வறட்சி தாங்கும் தோட்டங்களைச் சங்கங்கள் தடைசெய்யக் கூடாது என்றது. முன் ஒப்புதல் கேட்கும் அதிகாரத்தை விட்டுவைத்தது. ஆக, கையெழுத்துப் போட்டதாலேயே எல்லாம் நியாயமாகிவிடாது என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டுப் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஒரு மாலை போனில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினேன். பெயர் சொல்லத் தேவையில்லை. பத்து நாளில் அவர் சங்கத்தின் கடிதத்தோடு என் வாசலில் நின்றார். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்கத்தான் வந்திருந்தார். மனைவி ஒரு மாதமாக மருத்துவமனையில்.

பதிலை நான்தான் எழுதிக்கொடுத்தேன். படம் எடுத்தது நான் என்று சொல்லவில்லை. மறுநாள் அவர் வீட்டுப் புல்லையும் சேர்த்து வெட்டினேன். நன்றி சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

விதி நியாயமா என்று மட்டுமே அதுவரை கேட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் கடமையிலிருந்து அந்த விதி என்னை விடுவித்திருந்தது. நானும் சந்தோஷமாக விடுபட்டிருந்தேன். எவ்வளவு நியாயமான விதியானாலும் இந்த வசதியை அது தரத்தான் செய்யும்.

அவர் மனைவி வீடு திரும்பிவிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.