காணாதவர்க்கு இழைக்கும் தீங்கு

பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் பரிசு உரையில் கற்பனைக் குடும்பம் ஒன்றைக் காட்டினார். கணவனுக்குத் தொண்டைப் புண். தானே பென்சிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறான். கிருமிகள் மடியவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அக்கிருமி மனைவியைத் தொற்றுகிறது. அவளுக்கு நிமோனியா காண்கிறது. பென்சிலின் பயன்படாமல் அவள் இறக்கிறாள். இச்சாவுக்குப் பொறுப்பாளர் யார் என வினவினார் ஃபிளெமிங்.

அவ்வினா இன்று நம்மையும் நோக்கியதே. சளியும் ஃபுளூ காய்ச்சலும் வைரஸால் வருவன. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பன. வைரஸின்மீது அவை செல்லா. ஆயினும் கடையில் கேட்டு நான்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். நோய் தானே தணிகிறது; புகழ் மாத்திரைக்குச் சேர்கிறது. இதற்கிடையே நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களில் மெலிந்தவை மடிய, மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. தொடுகையாலும் கழிவுநீராலும் பிறரை அடைகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மரணங்களுக்கு மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேர்க்காரணம் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

கோலிஸ்டின் என்பது பிற மருந்துகள் தோற்றபின் கையாளப்படும் கடைசி மருந்துகளுள் ஒன்று. அதனையும் கோழிகள் விரைந்து கொழுக்கத் தீவனத்தில் கலந்தனர். உணவுக்காக வளர்க்கப்படும் உயிரினங்களுக்கு அதனைத் தருவதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது. புலால் உண்ணாத நமக்கு இப்பழியில் பங்கில்லை என நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் உயிர்காக்கும் மருந்தைத் தேவையற்ற இடத்தில் செலவிடுதல் என்னும் அதே செயலை, மருந்துக் கடையில் நாமும் செய்கிறோம் அல்லவா?

“அறியாமல் செய்தோம், தீய எண்ணம் இல்லை” என்பது போதிய விடையாகுமா? இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். வீணே மண்ணை அகழ்தல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றைப் பிரமாத சரியை, அதாவது கவனமற்ற ஒழுக்கம், என நம் ஆசான்கள் விலக்கினர். அங்கே தீய எண்ணம் இல்லை, பயனும் இல்லை, தீங்கு மட்டும் உண்டு. வேண்டாத மாத்திரையும் அவ்வரிசையைச் சேர்ந்ததே.

நாட்கூலியை இழக்க இயலாதவரையும், மருத்துவர் இல்லாத ஊரில் வாழ்பவரையும் பழித்தல் அறமன்று. வசதியுடைய நமக்கு அச்சாக்கு இல்லை. அவ்வாறே, உண்மையான தேவையில் மருத்துவர் தரும் மருந்தை மறுப்பதும் விரதமாகாது.

மருத்துவர் எழுதித் தந்தாலன்றி ஆன்டிபயாடிக் வாங்காமை, சொன்ன அளவும் நாளும் வழுவாமை, மிஞ்சியதைப் பிறர்க்குக் கொடாமை ஆகிய மூன்றையும் நோன்பாகக் கொள்வோம். ஃபிளெமிங் காட்டிய கணவன், தன்னால் இறந்தவளின் முகத்தையேனும் கண்டான். நம்மால் துன்புறுவோரை நாம் காணப்போவதே இல்லை. அவர்பொருட்டும் நம் கையைக் காத்துக்கொள்வோமாக!