யாருடைய கால்?

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கிராஸ்கட் சாலை வழியே நடக்கும் முதியவர் ஒருவர், நூறடிக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு துணிக்கடையின் முன் நின்றுவிடுகிறார். சேலையின் விலையையா பார்க்கிறார்? இல்லை. கெண்டைக்கால் தசை பிடித்து இழுக்கிறது. சற்று நின்றால் வலி தணிகிறது. நடந்தால் திரும்ப வருகிறது. ஜெர்மானியர் இதனைக் 'கடை வேடிக்கை நோய்' என்றே அழைப்பர்.

குறை காலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் தமனியில் உள்ளது. பீடியும் சிகரெட்டும், நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், முதுமையும் சேர்ந்து அக்குழாயின் உட்சுவரில் கொழுப்பையும் சுண்ணத்தையும் படியச் செய்கின்றன. வழி குறுகக் குறுகப் புண் ஆறுவதில்லை; விரல் கறுக்கிறது. முற்றிய நிலையில், "காலை எடுத்தாக வேண்டும்" என்கிறார் மருத்துவர்.

அதை அவர் யாரிடம் சொல்கிறார்? பெரும்பாலும் மகனிடம். வராந்தாவில் மகனும் மருமகனும் கூடி நின்று, "அத்தாவிடம் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டார்" என்று முடிவு செய்கின்றனர். கட்டிலில் கிடப்பவரிடம், "புண்ணைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் அத்தா" என்கின்றனர். மயக்கம் தெளிந்து, அவர் போர்வைக்கு அடியில் தம் காலைத் தேடும் கணத்தை எண்ணிப் பாருங்கள். அன்பினால் செய்ததே ஆயினும், அது அறம் ஆகுமா?

உடல் இறைவன் தந்த அமானிதம் என்கிறோம். யாரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்? மறுமையில் அவ்வுடலைப் பற்றிக் கேட்கப்படுபவர் அவரே. இம்மையில் மட்டும் அவரைக் கேளாதிருப்பது எங்ஙனம் முறையாகும்?

மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களுள் ஒருவர் உர்வா இப்னு சுபைர். கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட கலீஃபா வலீதைக் காணச் சென்ற பயணத்தில் அவருடைய கால் அழுகத் தொடங்கியது. வெட்டாவிடில் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர்கள் அவரிடமே கூறினர். உணர்வை மயக்கும் பானத்தை அவர் மறுத்தார். காலை எடுக்க இசைந்தார். அதே பயணத்தில் ஒரு மகனையும் இழந்தும், எஞ்சியவற்றிற்காக இறைவனைப் புகழ்ந்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

மற்றொன்று அமெரிக்காவில் நடந்தது. 1964 ஜனவரி 16 அன்று, போர்ட்லாந்து நகரில், கால்விரல்கள் அழுகிய 82 வயது மூதாட்டி ஒருவர் காலை எடுக்க மறுத்தார். அம்மறுப்பை மதித்த மருத்துவர் சார்லஸ் டாட்டர், தொடைத் தமனியின் அடைப்பினூடே மெல்லிய குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி வழியை விரித்தார். பாதம் வெம்மை பெற்றது. அவ்வம்மையார் தம் காலோடு நடந்து, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார். 1974 இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக் பலூனைப் பயன்படுத்தினார். அம்முறை இன்று கோவையிலும் செய்யப்படுகிறது.

ஒருவர் இசைந்தார், ஒருவர் மறுத்தார். யார் செய்தது சரி? இருவர் செய்ததும் சரியே. இருவரும் உண்மையை அறிந்தனர். தாமே முடிவு செய்தனர்.

"பயந்து மறுத்து உயிரை இழந்துவிட்டால்?" என்று கேட்கலாம். நியாயமான அச்சமே. திடீரென இரத்தம் உறைந்து தமனி அடைபட்டால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தசை மீளாச் சேதம் அடையத் தொடங்கும். நெடிய ஆலோசனைக்கு அங்கு இடமில்லை. பலூன் சிகிச்சையிலும் சாயமருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். விரித்த வழி மீண்டும் குறுகலாம். காலிலிருந்தே சிரையெடுத்து மாற்றுவழி அமைக்கும் அறுவையிலும் புண் சீழ் பிடிக்கலாம். இவ்வளவையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்வதே அச்சத்திற்கு மருந்து. ஜெய்ப்பூரில் 1968 இல் உருவான செயற்கைக் காலை அணிந்து சம்மணமிட்டு அமரலாம் என்பதையும், இருந்தபடியே தொழலாம் என்பதையும் அறிந்தவரின் முடிவு, அறியாதவரின் முடிவாக இராது.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காகத் தாயிடம் பெற்ற ஒப்புதல், உடனடி உயிராபத்து இல்லாதபோது செல்லாது என்று 2008 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்?

ஆயினும் பிள்ளைகளுக்கு ஒரு கடமை உண்டு. அது வராந்தாவில் தொடங்குவதன்று. துணிக்கடை வாசலில் அவர் நிற்கும் அன்றே, "ஏன் நிற்கிறீர்கள் அத்தா?" என்று கேட்பதாகும். அன்று கேட்டால், காலைப் பற்றிய அந்தப் பெரிய கேள்வி எழாமலே போகக்கூடும்.